பள்ளிக்கூடம் திறந்தாலும் விளையாட்டு மூலையை மூடாதீங்க!



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நிறைய வீடுகளில் ஒரு வேலை நடக்கும். புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி முடித்த கையோடு, விளையாட்டுச் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டி அட்டாலியில் ஏற்றி விடுவார்கள். 'இனி ஏப்ரலுக்கு மேலே தான் கண்ணு!' என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியும் விடுவார்கள். படிப்பு கெட்டுப் போகக் கூடாதே என்ற நல்ல எண்ணம் தான்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லீவு விட்டால் பிள்ளைகளுக்கு அம்மிச்சி வீடு, தோட்டம், வாய்க்கால் என்று விளையாட ஆயிரம் இடம். விளையாட இடமும் நேரமும் இல்லாமல் அவர்கள் தவிப்பது, பள்ளிக்கூடம் நடக்கிற பத்து மாதத்தில் தான். எனவே, வீட்டில் விளையாட்டுக்கென்று ஒரு இடம் வேண்டியது லீவு நாளில் அல்ல, பள்ளி நாளில் தான் என்பது என் கட்சி. எங்கள் வீட்டு அனுபவத்தோடு சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் இருப்பது பீளமேட்டில், லைன் வீட்டில். முன்ரூம், ஒரு படுக்கை ரூம், சமையல்கட்டு... அவ்வளவு தான் வீடு. கணவருக்கு மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை. பையன் ஐந்தாவது, பெண் இரண்டாவது படிக்கிறார்கள். அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்கு மேலே நீளும் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்து விட்டார்கள். ஆனாலும் எங்கள் சந்தில் பைக்கும், வேனும், டெலிவரி வண்டியும் ஓய்ந்தபாடில்லை. 'தெருவில் போய் விளையாடு' என்று பிள்ளையைத் தைரியமாக அனுப்ப முடியாது. வீட்டுக்குள் என்றால் டிவி, இல்லாவிட்டால் செல்போன். இரண்டும் வேண்டாம் என்றால், 'புத்தகத்தை எடு' என்கிறோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொன்னதையே செய்து விட்டு வருகிற பிள்ளைக்கு, தன் இஷ்டப்படி ஒரு அரைமணி நேரம் கிடைக்காவிட்டால் எப்படி?

முன்ரூமில் ஜன்னலை ஒட்டி ஆறடிக்கு நாலடி இடம். அங்கே சோபா போட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. 'ஏனுங்க, சோபாவுல உக்கார வர்றவங்க மாசத்துக்கு ஒரு தடவை தான் வருவாங்க. நம்ம புள்ளைங்க தினமும் இருக்காங்களே' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, 'செரி, ஒரு வருஷம் பார்க்கலாம்' என்றார்.

ஒரு கோரைப்பாய் விரித்தோம். நாலு செங்கல், அதன் மேல் ஒரு பலகை, மறுபடி நாலு செங்கல், மறுபடி ஒரு பலகை. அலமாரி ரெடி! உயரம் என் பெண்ணின் இடுப்பு வரை தான். ஆடாமல் இருக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டி விட்டார் கணவர். வாடகை வீடு என்பதால் சுவரில் பெயிண்ட் அடிக்க முடியாது. எனவே ஒரு பிளைவுட் பலகைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, தரையோடு ஒட்டி சாய்த்து வைத்தோம். ஆணியில் தொங்குகிற ஒரு துணிப்பையில் பழைய புடவை, துண்டு, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி பிரேம். வேஷம் போட இது போதும். பொள்ளாச்சியில் இருந்து வந்த என் அம்மா ஒரு படி புளியங்கொட்டையும், தான் விளையாடிய பல்லாங்குழியும் கொடுத்து விட்டுப் போனார். மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள் முடிந்தது.

சாமானை விட முக்கியம், நாங்கள் வைத்துக் கொண்ட சட்டங்கள். முதல் சட்டம், அந்த இடம் அவர்களுடையது. காய்ந்த துணியைக் கொண்டு போய் அங்கே குவிப்பதோ, அரிசி மூட்டையை இறக்குவதோ கிடையாது. இரண்டாவது, அங்கே யாரும் பாடம் நடத்தக் கூடாது. 'ஏழெட்டு எவ்வளவு?' என்ற கேள்வியே அந்தப் பாய்க்கு ஆகாது. மூன்றாவது, 'மார்க் குறைஞ்சா விளையாட்டு கட்' என்று அதைத் தண்டனையாக ஆக்கக் கூடாது. நாலாவது சட்டம் பிள்ளைகளுக்கு. பாயை விட்டு எழுந்திருக்கும் போது எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அதற்காகத் தான் பலகையில் ஒரே நேரத்தில் ஏழெட்டுச் சாமான்களுக்கு மேல் வைப்பதில்லை. மீதி அட்டைப் பெட்டியில் இருக்கும். காலாண்டு, அரையாண்டு லீவில் மாற்றி வைத்தால், பழைய சாமானே புதுசு மாதிரி ஆகி விடும்.

சாயந்தரம் வந்ததும் கை, கால் கழுவி, டிபன் சாப்பிட்டு விட்டு, அரைமணி பாயில். அதற்குப் பிறகு தான் வீட்டுப்பாடம். ஆரம்பத்தில் என் மாமியார், 'முதல்ல எழுதி முடிச்சுட்டு அப்புறம் விளையாடட்டுமே அம்மிணி' என்றார். அப்படியும் ஒரு வாரம் பார்த்தோம். எழுத்து ஒன்றரை மணி நேரம் இழுத்தது. நடுவில் தண்ணீர், பாத்ரூம், பென்சில் சீவல், அழுகை! விளையாடி விட்டு உட்கார்ந்தால் அதே வேலை முக்கால் மணியில் முடிகிறது. இப்போது மாமியாரே கடிகாரத்தைப் பார்த்து, 'போங்க, பாய்க்குப் போங்க' என்று விரட்டுகிறார்.

பாடம் நடத்தக் கூடாது என்று சொன்னேனே தவிர, அங்கே படிப்பு நடக்காமல் இல்லை. பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு 5 கொட்டை வீதம் போட்டால் 70. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும், எத்தனை கொட்டை கிடைக்கும் என்று பிள்ளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத் தான் கையை வைக்கும். கூட்டலும், கழித்தலும், அஞ்சாம் வாய்ப்பாடும் அதிலேயே வந்து விடும். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலியை 15 ஆடுகள் சேர்ந்து மடக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆடு போச்சு! பொறுமையை இதை விட நன்றாக யார் சொல்லித் தர முடியும்? அஞ்சாங்கல் ஆடுகிற விரலுக்குப் பென்சில் பிடிக்கத் தனியாகப் பழக்கம் தேவையில்லை. தோற்றுப் போவதும் ஒரு பாடம் தான். என் பையன் முதலில் தோற்றால் காயைக் கலைத்து விடுவான். இப்போது, 'இன்னொரு ஆட்டம்' என்கிறான்.

பட்டறையில் இருந்து கழித்துப் போட்ட நட்டு, போல்ட், வாஷர்களைக் கணவர் சுத்தம் செய்து ஒரு டப்பாவில் கொண்டு வந்தார். எந்த நட்டு எந்த போல்ட்டுக்குச் சேரும் என்று தேடித் தேடி மாட்டுவது தான் பையனுக்கு இஷ்டமான விளையாட்டு. இது நம்ம ஊருக்குப் புதிது இல்லை. அந்த மேம்பாலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, ஜி.டி. நாயுடு (1893-1974), அவர் அதிகம் பள்ளிக்கூடம் படித்தவர் இல்லை. இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, ஓட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிப் பார்த்தவர். 1937ல் இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாரில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு அவருக்கும் பங்கு உண்டு. அதற்காகப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கழற்றி மாட்டிப் பார்க்கிற கைக்கு வீட்டில் ஒரு இடம் இருக்கட்டும் என்று தான் சொல்கிறேன்.

பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி சாமானை வைக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1907ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் வசித்த குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். குட்டி நாற்காலி, தாழ்வான அலமாரி, குழந்தை தானே எடுத்து, தானே வைக்கிற ஏற்பாடு... எல்லாம் அவர் பிரபலப்படுத்தியது தான். அவர் நம் தமிழ்நாட்டுக்கே வந்திருக்கிறார் தெரியுமா? 1939ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக உடனே திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார். நடுவில் கொடைக்கானலிலும் தங்கினார். பின்னாளில், 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ல் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் முறை வந்த போது, வகுப்புச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடமே குனிந்து பிள்ளையின் உயரத்துக்கு வந்த போது, வீடு வரக் கூடாதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே இது தான்.

போன வருஷம் காலாண்டுப் பரீட்சைக்கு முன், என் பெண் படிப்பில் மந்தமாகவே இருந்தாள். நோட்டில் பாதி எழுத்து இருக்காது. கணக்கில் எண்கள் மாறி இருக்கும். காலையில் எழுந்தால், 'வயிறு வலிக்குது, பள்ளிக்கூடம் போகலை' என்று அழுகை. வந்து போகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். என் நாத்தனார், 'இந்தப் பாய், பொம்மை எல்லாத்தையும் தூக்கி அட்டாலியில போடுங்கண்ணி. புத்தி பூரா இங்க தான் இருக்குது. டியூஷன்ல சேர்த்து விடுங்க' என்றார். கணவரும் அரை மனதாகத் தலையாட்டினார். பக்கத்துத் தெருவில் டியூஷனுக்குப் பேசி, ஒன்றாம் தேதியில் இருந்து அனுப்புவதாகக் கூட முடிவாகி விட்டது.

அந்த வாரத்தில் ஒரு நாள், நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தேன். பாயில் 'டீச்சர் விளையாட்டு' நடந்து கொண்டிருந்தது. பொம்மைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்க, என் பெண் புடவையைச் சுற்றிக் கொண்டு, குச்சியோடு நிற்கிறாள். கடைசி வரிசையில் இருந்த மரப்பாச்சியைப் பார்த்து, 'ஏன் எழுதலை? போர்டு தெரியலையா? செரி, பக்கத்துப் பாப்பா நோட்டைப் பார்த்து எழுதிக்கோ. யார்கிட்டயும் சொல்லாதே' என்றாள்.

எனக்கு கீரையில் கை நின்று விட்டது. ஆனால் குறுக்கே பாய்ந்து, 'உனக்கு போர்டு தெரியலையாடி?' என்று கேட்டால் அவள் வாயை மூடிக் கொள்வாள். விளையாட்டும் கெட்டு விடும். எனவே மரப்பாச்சியின் அம்மாவாக நானும் சேர்ந்து கொண்டேன். 'டீச்சர், எங்க பாப்பாவுக்கு போர்டு எப்படிங்க தெரியுது?' என்றேன். 'வெள்ளையா பூச்சி ஊர்ற மாதிரி தெரியுதாமா. கிட்ட போனா தான் எழுத்து வருதாமா' என்று டீச்சர் பதில் சொன்னார்!

சனிக்கிழமையே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கண்ணாடி எழுதிக் கொடுத்தார் டாக்டர். கண்ணாடி போட்டு வெளியே வந்ததும், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக் கொண்டு வண்டி சாவியைத் தேடினார். வகுப்பு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னதும், அன்றைக்கே முன் பெஞ்சில் இடம் கொடுத்தார். டியூஷன் பேச்சு அதோடு நின்றது.

உடனே முதல் ரேங்க் வாங்கி விட்டாளா என்று கேட்காதீர்கள். இன்னும் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கில் தடுமாறுகிறாள். ஆனால் காலையில் வயிற்று வலி இல்லை. நோட்டில் பாதி எழுத்து என்பது இல்லை. என் நாத்தனார் அடுத்த முறை வந்த போது, ஒரு செட் சொப்பு சாமான் வாங்கி வந்து, பேசாமல் அந்தப் பலகையில் வைத்து விட்டுப் போனார்.

பெரியவர்களிடம் நேரடியாகச் சொல்லத் தெரியாததை, சொல்லப் பயப்படுவதை, பிள்ளைகள் பொம்மை வாயால் சொல்கிறார்கள். கண் தெரியாததோ, கூடப் படிக்கிற பிள்ளை அடிப்பதோ, வேனில் நடக்கிற ஏதோ ஒன்றோ... விளையாட்டில் தான் முதலில் வெளியே வரும். அதற்கு ஒரு இடமும், கொஞ்சம் நேரமும், பக்கத்தில் காது கொடுக்க ஒரு ஆளும் வேண்டும். அதற்காக, தினமும் ஒட்டுக்கேட்டு, துருவித் துருவிக் கேள்வி கேட்கவும் கூடாது சகோதரிகளே! நாம் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக் கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

கண் டாக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறதாம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்து 2015ல் வெளியிட்டிருக்கிறார்கள். பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்ட பள்ளிகளில் 100க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம் போல் நடந்த பள்ளிகளில் 100க்கு சுமார் 40 பேருக்கு. உலக சுகாதார நிறுவனமும் 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்று 2020ல் சொல்லியிருக்கிறது. எனவே வீட்டுப் பாய் என்பது வெளி விளையாட்டுக்கு மாற்று இல்லை. எங்கள் லைனில் நாலு வீட்டு அம்மாக்கள் பேசி வைத்துக் கொண்டோம். வெயில் தாழ்ந்ததும், வெளிச்சம் இருக்கும் போதே, வாரத்தில் நாலு நாள் மொட்டை மாடியில் பாண்டி, நொண்டி, கண்ணாமூச்சி. கைப்பிடிச் சுவர் இருக்கிற மாடி தான். ஆனாலும் முறை வைத்து ஒரு அம்மா காவல் இருப்போம். மழை நாளிலும், பரீட்சை நாளிலும் தான் பாய் முழுநேர மைதானம்.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. 'பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு, இப்பவாவது எடுத்து வைக்கலாமா?' என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் எடுப்பதில்லை. நேரத்தை மட்டும் குறைத்து, படிப்புக்கு நடுவே பதினைந்து, இருபது நிமிஷமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒரு பாடம் முடித்து விட்டு ஒரு ஆட்டம் ஆடி விட்டு வந்தால், அடுத்த பாடத்துக்கு முகம் தெளிவாக இருக்கிறது. செல்போனை அந்தப் பாய்க்குக் கொண்டு போகக் கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் சட்டம். அப்பாவுக்கும் தான்!

பாதுகாப்பையும் மறந்து விடாதீர்கள். சமையல்கட்டு வாசலை ஒட்டியோ, பிளக் பாயின்ட் பக்கமோ இடம் ஒதுக்க வேண்டாம். வீட்டில் மூன்று வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, சோழி, நட்டு, வாஷர் எல்லாம் எட்டாத உயரத்தில், மூடி போட்ட டப்பாவில் தான் இருக்க வேண்டும். தொண்டையில் சிக்கினால் ஆபத்து. காசு மாதிரி இருக்கிற குட்டி பேட்டரி போட்ட பொம்மைகளில் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

'உங்களுக்கு முன்ரூம் இருக்கு, எங்களுக்கு இருக்கிறதே ஒத்தை ரூம்' என்கிற சகோதரிகளும் இருப்பீர்கள். இடம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஒரு பாய், ஒரு பழைய டிரங்குப் பெட்டி போதும். விரித்தால் விளையாட்டு இடம், சுருட்டினால் வீடு. தினமும் அதே நேரத்தில் விரிப்பது தான் முக்கியம். குழந்தைகளுக்கு விளையாட உரிமை உண்டு என்று ஐ.நா. சபை 1989ல் கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ம் பிரிவு சொல்கிறது. 1992ல் இந்தியாவும் அதை ஏற்றுக் கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய உரிமைக்கு நம் வீட்டில் ஒரு பாயளவு இடம் ஒதுக்கக் கூடாதா?

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்றைக்குச் சாயந்தரம் பொம்மையிடம் என்ன பேசுகிறது என்று, கையில் வேலையோடு, சும்மா காது கொடுத்துப் பாருங்கள் சகோதரிகளே!

— ஒரு வாசகி, பீளமேடு, கோவை.